வளர்ப்பு நாய் யாரையும் கடிக்கவில்லை, ஆனாலும் புகார் வந்துள்ளது: சட்டம் எந்த நாயை ‘ஆபத்தானது’ என்கிறது?

கேள்வி: வேலியோரம்

அனைவருக்கும் வணக்கம். விலங்குக் காப்பகம் ஒன்றிலிருந்து எடுத்துவந்து நாங்கள் வளர்க்கும் நாய் கலப்பினத்தைச் சேர்ந்தது. அகன்ற தலையும் தடித்த கழுத்தும் கொண்டிருப்பதால், பார்ப்பவர்கள் பலரும் அதைப் பிட்புல் என்றே முடிவு செய்துவிடுகிறார்கள். அதன் தாயும் தந்தையும் எந்த இனம் என்பது காப்பகத்தின் பதிவேட்டில் குறிக்கப்படவில்லை. வீட்டில் அமைதியாக இருக்கும். எங்கள் குழந்தைகளிடமோ வந்துபோகும் உறவினர்களிடமோ ஒருமுறைகூடப் பல்லைக் காட்டியதில்லை.

அண்மையில் பார்சல் கொண்டுவந்த ஒருவர் வெளிக்கதவைத் திறந்தபடியே விட்டுச் சென்றுவிட, நாய் தெருவுக்கு ஓடி, நடந்து சென்றுகொண்டிருந்த முதியவர் ஒருவருக்கு எதிரே நின்று விடாமல் குரைத்தது. பின்வாங்கும்போது அவர் தடுமாறினார், ஆனால் விழவில்லை; நாய் அவரைத் தொடவும் இல்லை. நான் ஓடிச் சென்று கழுத்துப்பட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துவந்தேன். ‘ஆபத்தான நாயைக் கட்டுப்பாடின்றி வளர்க்கிறார்கள்’ என்று அவருடைய குடும்பத்தினர் எழுத்துமூலம் புகார் அளித்திருப்பது பிறகுதான் தெரியவந்தது.

யாரையும் கடிக்காத ஒரு நாயைச் சட்டம் ஆபத்தானது என்று கருத முடியுமா? கதவைத் திறந்துவிட்டவர் வேறொருவராக இருக்கும்போது பொறுப்பு எனக்கு வருமா? தோற்றத்தை வைத்து மட்டும் இனத்தை முடிவு செய்வது முறையா? நாடுகளுக்கேற்பச் சட்டம் மாறும் என்பதை அறிவேன். எனினும் சட்டம் பொதுவாக எப்படிச் சிந்திக்கிறது என்பதையும், வளர்ப்பவர் என்ற முறையில் இனி நான் செய்ய வேண்டியவை எவை என்பதையும் விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில்: வழக்குக்கட்டு

உங்கள் முதல் ஐயத்துக்கு விடை: முடியும். சட்டம் கடிக்காகக் காத்திருப்பதில்லை.

உலகில் அதிகம் விவாதிக்கப்படும் சட்டமான பிரிட்டனின் 1991-ஆம் ஆண்டு ஆபத்தான நாய்கள் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதில் இரண்டு தனித்தனி வழிகள் உள்ளன. பொது விவாதங்களில் இவ்விரண்டும் பெரும்பாலும் கலந்துவிடுகின்றன. அச்சட்டத்தின் முதல் பிரிவு சில நாய் வகைகளையே தடை செய்கிறது. தொடக்கத்தில் பிட்புல் டெரியர், ஜப்பானிய டோசா, டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரசிலெய்ரோ என நான்கு வகைகள் இருந்தன. 2023 அக்டோபர் இறுதியில் எக்ஸ்எல் புல்லி என்னும் பெரிய உருவ நாய் வகையும் சேர்க்கப்பட்டு, 2024 பிப்ரவரி 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விலக்குச் சான்றிதழ் இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம் என்றாகிவிட்டது. மூன்றாம் பிரிவு இனத்தைப் பார்ப்பதே இல்லை. எந்த நாயாக இருந்தாலும், ‘ஆபத்தான முறையில் கட்டுப்பாட்டை மீறி’ இருந்தால் உரிமையாளரும் அந்த நேரத்தில் நாயைத் தம் பொறுப்பில் வைத்திருந்தவரும் குற்றவாளிகள் ஆவார்கள்.

உங்களுக்குப் பொருந்துவது இந்த மூன்றாம் பிரிவு போன்ற விதிதான். கட்டுப்பாட்டை மீறியது என்பதன் பொருளை அந்தச் சட்டமே வகுத்திருக்கிறது: நாய் ஒருவரைக் காயப்படுத்திவிடும் என்று நியாயமாக அஞ்சுவதற்கு இடமிருந்தால் போதும், அது உண்மையில் காயப்படுத்தியதா என்பது தேவையில்லை. தடுமாறிய முதியவரின் அச்சம் நியாயமானதா என்ற கேள்வியைத்தான் நீதிமன்றம் கேட்கும். உங்கள் நாய் வீட்டில் சாதுவாக இருக்கிறது என்பது அந்தக் கேள்விக்கு விடையாகாது, ஏனெனில் தெருவில் அதை எதிர்கொண்டவருக்கு அந்தச் செய்தி தெரியாது.

காயம் ஏற்பட்டால் தண்டனை கடுமையாகிறது. 2014-இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு காயத்துக்கு 5 ஆண்டுகள் வரையும், உயிரிழப்புக்கு 14 ஆண்டுகள் வரையும் சிறைத்தண்டனை விதிக்கலாம். சட்டம் பொது இடங்களைத் தாண்டி உரிமையாளரின் வீட்டுக்குள்ளும் செல்லுபடியானது அந்தத் திருத்தத்தால்தான்.

இனி கதவைப் பற்றிய கேள்வி. ‘நான் கவனமாக இருந்தேன்’ என்பது இத்தகைய குற்றங்களில் பெரும்பாலும் எதிர்வாதமாக ஏற்கப்படுவதில்லை. ஆயினும் இதற்கும் ஓர் எல்லை உண்டு. காவல்துறையினர் சோதனை ஆணையுடன் ஒரு வீட்டின் கதவை உடைத்து நுழைந்தபோது உள்ளே இருந்த நாய் வெளியேறி அவர்களைத் தாக்கிய வழக்கில், அந்த நிலை ஏற்பட உரிமையாளரின் ஏதேனும் ஒரு செயலோ செய்யத் தவறியதோ அற்ப அளவுக்கு மேற்பட்ட காரணமாக இருந்திருக்க வேண்டும் என்று கூறி, இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013-இல் தண்டனையை நீக்கியது. உங்கள் நிலை அதிலிருந்து வேறுபட்டது. பொருள் கொண்டுவருபவர்கள் கதவைத் திறப்பார்கள் என்பதும், சில வேளைகளில் மூட மறப்பார்கள் என்பதும் எவரும் எதிர்பார்க்கக்கூடியவை. ஒரே ஒரு கதவை மட்டும் நம்பி நாயை முற்றத்தில் விட்டிருந்தீர்கள் என்றால், அதுவே செய்யத் தவறியதாகக் கொள்ளப்படலாம்.

இந்தியாவின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவும் ஏறத்தாழ இதே திசையில்தான் செல்கிறது. தம் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடிய நிலையில், அதைத் தடுக்கப் போதுமான ஏற்பாட்டை அறிந்தோ கவனக்குறைவாலோ செய்யத் தவறுபவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ரூ.5,000 வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அங்கும் நேரக்கூடிய ஆபத்தே அளவுகோல். அபராதத் தொகை மிகச் சிறியது என்பது என் தனிப்பட்ட வருத்தம்.

இழப்பீடு கோரும் உரிமையியல் வழக்குகளில் மரபு வேறு. ஆங்கிலேயப் பொதுச்சட்ட வழியில் வந்த பல நாடுகளில், நாயின் மூர்க்கம் உரிமையாளருக்கு முன்பே தெரிந்திருந்ததா என்பது முக்கியமாக இருந்தது. முதல் கடிக்கு மன்னிப்பு என்று இதைச் சுருக்கமாகச் சொல்வார்கள். கலிபோர்னியா போன்ற இடங்கள் அந்த வழியைக் கைவிட்டு, பொது இடத்திலோ சட்டப்படி வந்த இடத்திலோ ஒருவர் கடிபட்டால் நாயின் முன்வரலாறு எதுவாயினும் உரிமையாளரே பொறுப்பு என்று எழுதிவைத்திருக்கின்றன. முன்பே தெரிந்திருந்ததா என்று கேட்கும் சட்டம் நடைமுறையில் இருக்கும் இடத்தில், இப்போது உங்கள்மீது வந்திருக்கும் புகாருக்கு ஒரு பின்விளைவு உண்டு: நாளை ஏதேனும் நடந்தால் ‘எனக்குத் தெரியாது’ என்று நீங்கள் சொல்ல முடியாது.

பதில்: மறுதரப்பு

சட்ட விளக்கம் தெளிவாக இருந்தது. ஆனால் இத்தகைய உரையாடல்கள் எப்போதும் ‘தோற்றத்தை வைத்து முடிவு செய்யலாமா’ என்ற இடத்துக்கு நகர்ந்து, நாயின் மானத்தைக் காக்கும் வழக்காகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு எதிர்ப்பக்கத்தில் நின்று சில சொற்கள்.

என் சகோதரியின் மகளை ஒரு பெரிய நாய் கடித்தது. உரிமையாளர் முதலில் சொன்னது, ‘இது இதுவரை இப்படிச் செய்ததே இல்லை’ என்பதுதான். அவர் பொய் சொல்லவில்லை என்றே நம்புகிறேன். அவர் உண்மையைச் சொன்னார் என்பதுதான் என் வாதத்தின் அடிப்படையே. நடத்தையைப் பார்த்துத்தான் தண்டிப்போம் என்னும் சட்டம், நடத்தை வெளிப்படும்வரை காத்திருக்கிறது. அந்த முதல் வெளிப்பாட்டைத் தாங்குபவர் பெரும்பாலும் ஒரு குழந்தை. எல்லா நாயும் கடிக்கும் என்பார்கள். உண்மைதான், ஆனால் சிறிய நாய் கடித்தால் தையல் போடுகிறோம், ஐம்பது கிலோ எடையுள்ள நாய் கவ்விய பிடியை விடாமல் உலுக்கினால் நிலைமை வேறு. எத்தனை முறை கடிக்கிறது என்ற எண்ணிக்கையை வைத்துப் பேசுபவர்கள், ஒரு முறை கடித்தால் என்ன ஆகும் என்பதைப் பேசாமல் விடுகிறார்கள்.

துப்பாக்கி வைத்திருப்பவர் நல்லவரா என்பதைப் பார்ப்பதோடு, எவ்வகைத் துப்பாக்கியை வைத்திருக்கலாம் என்பதற்கும் விதி இருக்கிறது. விளைவின் அளவு பெரிதாக இருக்கும் இடத்தில் முன்கூட்டியே தடுப்பதைச் சமூகம் நியாயமாகத்தான் கருதுகிறது. தடைசெய்யப்படும் இனங்களின் பட்டியல் துல்லியமற்றது என்பதை ஏற்கிறேன். துல்லியமற்ற வேலி, வேலியே இல்லாததைவிட மேல் என்பது என் கருத்து.

பதில்: கால்நடை மருத்துவர்

மறுதரப்பு அவர்கள் சொன்னதில் பாதியை நான் முழுமனத்துடன் ஏற்கிறேன். நாயின் உடல் எடையும் தாடையின் வலிமையும் கடியின் விளைவைத் தீர்மானிக்கின்றன. ‘எல்லா நாயும் ஒன்றே’ என்று பேசுவது நாய்ப்பிரியர்களின் நேர்மையின்மை. பெரிய, வலிமையான நாயை வளர்ப்பவருக்குக் கூடுதல் கடமை உண்டு என்பதில் எனக்கு ஐயமே இல்லை. என் மறுப்பு, எடையையும் வலிமையையும் பற்றிய அந்தக் கவலையைச் சட்டம் இனப்பெயர்களின் பட்டியலாக மாற்றும் இடத்தில்தான் தொடங்குகிறது.

பிரிட்டனின் வரலாற்றையே பாருங்கள். 1991-இல் பிட்புல் தடை செய்யப்பட்டது. பிட்புல் வழித்தோன்றலான அமெரிக்கன் புல்லியிலிருந்து இன்னும் பெரிய உருவமாகப் பெருக்கப்பட்ட எக்ஸ்எல் புல்லி, பட்டியலில் பெயர் இல்லாததால் பல ஆண்டுகள் தடையின்றி விற்கப்பட்டது. உயிரிழப்புகள் நேர்ந்த பிறகே 2023-இல் அதன் பெயரும் சேர்ந்தது. மூர்க்கமான தோற்றத்தை விரும்பி வாங்குபவரும் அதற்கெனவே இனப்பெருக்கம் செய்பவரும் அப்படியே இருக்க, நாயின் பெயர் மட்டும் மாறியது. இந்த வேலியில் இருக்கும் ஓட்டை எங்கே என்பது, எவரைத் தடுக்க நினைக்கிறோமோ அவருக்குத்தான் மிக நன்றாகத் தெரிகிறது.

நெதர்லாந்து 1993-இல் பிட்புல் வகைக்குத் தடை கொண்டுவந்து, கடிகள் குறையவில்லை என்று கண்டு, 2008-இல் அதைக் கைவிட முடிவெடுத்தது. இத்தாலி 2009-இல் தன் பட்டியலை நீக்கிவிட்டு உரிமையாளரின் பொறுப்பை முன்னிறுத்தியது. அமெரிக்காவின் டென்வர் நகரம் 1989-இல் விதித்த பிட்புல் தடையை, 2020-இல் வாக்காளர்களின் முடிவுப்படி நிபந்தனைகளுடன் கூடிய அனுமதிமுறையாக மாற்றியது. இந்தியாவில் 2024 மார்ச்சில் 23 இனங்களைத் தடை செய்யும்படி மாநிலங்களுக்கு ஒன்றிய அரசின் கால்நடைத் துறை அனுப்பிய சுற்றறிக்கையை, உரியவர்களைக் கலந்தாலோசிக்காமல் வெளியிடப்பட்டது என்பது உள்ளிட்ட காரணங்களுக்காகக் கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே ரத்து செய்தது. தடையைத் தொடரும் நாடுகளும் இருக்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும்; ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2004-இல் சில நாய் இனங்களின் இறக்குமதித் தடையைச் செல்லும் என்றே தீர்ப்பளித்தது.

அறிவியல் பக்கமும் பட்டியலுக்கு அவ்வளவு துணை நிற்கவில்லை. 18,000-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி உரிமையாளர்கள் அளித்த விவரங்களையும், அவற்றுள் 2,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுத் தகவலையும் ஆராய்ந்து 2022-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு, நாய்க்கு நாய் காணப்படும் நடத்தை வேறுபாட்டில் சுமார் 9 விழுக்காட்டையே இனத்தைக் கொண்டு விளக்க முடிகிறது என்றது. வளர்ப்பவர்களின் வாய்மொழியை நம்பிய ஆய்வு என்ற குறை அதற்கு உண்டு. ஆயினும் இனப்பெயரைக் கேட்டதும் குணத்தை அறிந்துவிட்டதாக நினைப்பது தவறு என்பதற்கு அது போதும்.

மாற்று வழி ஒன்றும் இல்லாததுபோல் பேச வேண்டியதில்லை. ஜெர்மனியின் லோயர் சாக்சனி மாநிலத்தில் இனப்பட்டியல் கிடையாது. 2013 ஜூலை முதல் அங்கே புதிதாக நாய் வளர்க்கத் தொடங்கும் எவரும், அது எந்த நாயாக இருந்தாலும், வாங்குவதற்கு முன் எழுத்துத் தேர்வும் முதல் ஆண்டுக்குள் நாயுடன் செய்முறைத் தேர்வும் எழுதித் தேற வேண்டும். நாயின் தோலுக்கடியில் பொருத்தும் அடையாள மைக்ரோசிப்பும் பிறருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடும் எல்லா நாய்களுக்கும் கட்டாயம். மறுதரப்பு அவர்கள் கேட்கும் ‘முன்கூட்டியே தடுப்பது’ இதில் இருக்கிறது. தடுக்கப்படுவது தகுதியற்ற உரிமையாளர்.

இனி வேலியோரம் அவர்களின் நாயைப் பற்றி. அது ‘திடீரென்று’ எதையும் செய்வதில்லை. முகத்தைத் திருப்புதல், உதட்டை நக்குதல், தூக்கமில்லாத நேரத்தில் கொட்டாவி விடுதல், கண்ணின் வெள்ளை தெரியும்படி ஓரப்பார்வை பார்த்தல், உடலை விறைத்து அசையாமல் நிற்றல், உறுமுதல் என்று பல படிகளைத் தாண்டித்தான் ஒரு நாய் பொதுவாகக் கடிக்கு வருகிறது. உறுமியதற்காக நாயை அடிப்பவர்கள் உண்டு. அப்படி அடிவாங்கிய நாய் அச்சத்தை விடுவதில்லை, உறுமலை மட்டும் விட்டுவிடுகிறது. பிறகு எச்சரிக்கையின்றிக் கடித்துவிட்டது என்று என்னிடம் கொண்டுவருகிறார்கள்.

கடித்த நாய்களையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. நடத்தை வல்லுநர் இயன் டன்பார் வகுத்த ஆறு நிலைகளைப் பலரும் பயன்படுத்துகிறோம். பல் தோலைத் தொடாத பாய்ச்சல் முதல் நிலை. ஒரே கடியில் நான்கு துளைகள் வரை ஏற்பட்டு, அவை கோரைப்பல்லின் பாதி நீளத்தைத் தாண்டாதிருந்தால் மூன்றாம் நிலை. அதைவிட ஆழமாகப் பதிந்தால் நான்காம் நிலை. அங்கிருந்து திருத்துவது மிகக் கடினம். உங்கள் நாய் இப்போது நிற்பது அதிகபட்சம் முதல் நிலையில்தான், ஆனால் அந்த அளவுகோலுக்குள் வந்துவிட்டது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

முதலில் முழு உடற்பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மூட்டுவலி, காதில் சீழ், பல்வலி போன்றவை அமைதியான நாயையும் சிடுசிடுப்பாக்கும். காப்பக நாய்களைப் பொறுத்தவரை, பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து சுமார் பதினான்காம் வாரம் வரையிலான காலத்தில் அவை யாரைப் பார்த்தன, எதைப் பார்க்கவில்லை என்பது நமக்குத் தெரியாது. தடியூன்றி மெல்ல நடக்கும் மனிதரை உங்கள் நாய் அந்த வயதில் பார்த்திராமல் இருந்திருக்கலாம்.

மறுதரப்பு அவர்களுக்காக இல்லாவிட்டாலும் படிக்கும் பிறருக்காக ஒன்று: எந்த நாய் கடித்தாலும், தடுப்பூசி போட்ட நாயாகவே இருந்தாலும், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். மனிதர்களுக்கு வரும் ரேபிஸ் ஏறக்குறைய முழுவதும் நாய்களின் வழியாகவே வருகிறது.

வேலியோரம்

மூவருக்கும் நன்றி. தடியூன்றியவர் என்று நான் எழுதவே இல்லை; ஆனால் அவர் தடியூன்றித்தான் வந்தார். பரிசோதனைக்கு நேரம் வாங்கிவிட்டேன்.

மேலும் சில ஐயங்கள். வாய்மூடி அணிவித்து அழைத்துச் செல்லலாம் என்றால் வீட்டில் எதிர்க்கிறார்கள். ‘வாய்மூடியுடன் பார்த்தால் ஊரே அதைக் கொலைகார நாய் என்று முடிவு கட்டிவிடும்’ என்கிறார்கள். மரபணுச் சோதனை செய்து அது பிட்புல் இல்லை என்று நிறுவிவிட்டால் புகார் நீர்த்துப்போகுமா? இன்னொன்று, முதியவரை நேரில் கண்டு வருத்தம் தெரிவிக்க விரும்புகிறேன். அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று உறவினர் ஒருவர் அச்சுறுத்துகிறார்.

பதில்: பயிற்சித்திடல்

நாய்களுக்கும் அவற்றை வளர்ப்பவர்களுக்கும் பயிற்சி அளிப்பது என் தொழில். மரபணுவையும் மன்னிப்பையும் சட்டம் தெரிந்தவரிடம் விட்டுவிட்டு, வாய்மூடிக்கும் கதவுக்கும் மட்டும் பதில் சொல்கிறேன்.

வாய்மூடியைத் தண்டனையாகப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் தவறான வாய்மூடியைப் பார்த்தவர்கள். துணியாலான குழாய் போன்றது வாயை இறுக்கி மூடிவிடும். நாய் வாயைத் திறந்து மூச்சிரைப்பதன் மூலமே உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்வதால், அதை அணிவித்து நடக்க விடுவது ஆபத்து; மருத்துவமனையில் சில நிமிடங்களுக்கு மட்டுமே அது பொருந்தும். நீங்கள் வாங்க வேண்டியது கூடை வடிவிலானது. அதற்குள் நாய் வாயை முழுமையாகத் திறக்கவும், நீர் குடிக்கவும், நீங்கள் இடுக்கில் தரும் தின்பண்டத்தைப் பெறவும் முடிய வேண்டும். வாங்கிய அன்றே மாட்டி வெளியே அழைத்துச் செல்லாதீர்கள். கூடையின் அடியில் பிடித்த தின்பண்டத்தை வைத்து நீட்டி, நாயே மூக்கை நுழைக்கும்வரை காத்திருங்கள். மூக்கை உள்ளே வைத்தபடி நிற்கப் பழகிய பிறகு வாரைப் பூட்டி உடனே அவிழ்த்துவிடுங்கள். அதன் பிறகு வீட்டுக்குள் சிறிது நேரம், பிறகு முற்றத்தில், அதன் பிறகே தெரு. எங்கேனும் முன்காலால் பிறாண்டிக் கழற்ற முயன்றால் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று பொருள். ஒரு படி பின்செல்லுங்கள்.

ஊர் என்ன நினைக்கும் என்பதைப் பற்றி: ஊர் ஏற்கெனவே நினைத்துவிட்டது, புகாரும் வந்துவிட்டது. எதிரே வருபவர் விலகி நடப்பது உங்கள் நாய்க்கும் நன்மைதான், ஏனெனில் அறிமுகமில்லாதவர் கேட்காமல் குனிந்து தலையைத் தடவுவதுதான் தெருவில் அது சந்திக்கும் பெரிய இடர். வாய்மூடி மாட்டிவிட்டோம் என்று கயிற்றைத் தளர்த்திவிடவும் கூடாது. எடை மிகுந்த நாய் வாயே திறக்காமல் மோதி ஒரு முதியவரைக் கீழே தள்ளி எலும்பை முறித்துவிட முடியும்.

கயிற்றைப் பொறுத்தவரை, பொத்தானை அழுத்தினால் தானாக நீண்டு சுருங்கும் வகையை இன்றே ஒதுக்கி வையுங்கள். நாய் பாயும் கணத்தில் பூட்டு விழாமல் போவதையும், மெல்லிய நாடா கையை அறுத்துவிடுவதையும் அடிக்கடி பார்க்கிறேன். ஒரே நீளமுள்ள தடித்த கயிறு, மார்புப்பட்டையிலும் கழுத்துப்பட்டையிலும் இரண்டு இணைப்புகள், பிடிப்பவர் நாயைத் தாங்கக்கூடிய பெரியவர். உங்கள் குழந்தைகள் எவ்வளவு கெஞ்சினாலும் தனியாக அழைத்துச் செல்ல விடாதீர்கள்.

நான் அதிகம் வற்புறுத்துவது கதவைத்தான். என்னிடம் வரும் ‘தப்பி ஓடிய’ நாய்களின் கதைகளில் வில்லனே இந்தக் கதவுதான். வெளிக்கதவுக்கும் வீட்டு வாசலுக்கும் இடையில் இன்னொரு தடுப்பு வேண்டும், ஒன்று திறந்திருந்தாலும் மற்றொன்று மூடியிருக்கும்படி. வெளிக்கதவில் தானாக மூடிக்கொள்ளும் கீல் பொருத்துங்கள். தாழ்ப்பாள் நாயின் மூக்குக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். பார்சலைப் போட்டுவிட்டுச் செல்ல வெளிக்கதவுக்கு அப்புறமே ஒரு பெட்டி வைத்துவிட்டால், திறந்துவிட்டுச் செல்பவரைக் குறைசொல்ல வேண்டிய நிலையே வராது. ஆளில்லாத முற்றத்தில் நாயைத் தனியே விட்டு, அது நாள் முழுவதும் கம்பிகளுக்கு இடையே போவோர் வருவோரைப் பார்த்துக் குரைத்துப் பழகும் வழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். ஒவ்வொருவரும் கடந்து சென்றுவிடுவதை, தான் விரட்டியதால் போனதாகவே நாய் எடுத்துக்கொள்கிறது. கதவு திறந்த அன்று உங்கள் நாய் புதிதாக ஒன்றையும் செய்யவில்லை, கம்பியின் பின்னால் பழகியதைக் கம்பியில்லாமல் செய்தது.

குழந்தைகளைப் பற்றியும் ஒரு வரி. குழந்தைகளைக் கடிப்பவை பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்த நாய்களே. உண்ணும்போதும் உறங்கும்போதும் எதையேனும் மெல்லும்போதும் நாயை நெருங்கக்கூடாது என்பதை வீட்டு விதியாக்குங்கள். பெரியவர் ஒருவர் பார்த்துக்கொண்டிராத அறையில் சிறு குழந்தையும் நாயும் ஒன்றாக இருக்க வேண்டாம்.

பதில்: மறுதரப்பு

இரண்டாவது தடுப்பையும் வாய்மூடியையும் எவரும் கேட்காமலேயே செய்பவர் வேலியோரம் போன்றவர். நான் பட்டியலைக் கேட்பது இவரை மனத்தில் வைத்து அல்ல. காப்பீடு என்றால் சிரித்துவிட்டுப் போகிறவர்களைச் சட்டம் எப்படிப் பிடிக்கும்? லோயர் சாக்சனி முறை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் தேர்வு எழுதாமலே நாயை வாங்கியவரைக் கண்டுபிடிக்க ஆட்கள் வேண்டும், சோதனை வேண்டும். அந்தச் செலவை ஏற்காத ஆட்சியாளர்களுக்குத்தான் நான்கு பெயர்களைத் தடை செய்வது எளிதாக இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தச் செலவைச் செய்யும்வரை பட்டியல் இருக்கட்டும் என்பதில் மாற்றமில்லை.

பதில்: வழக்குக்கட்டு

மறுதரப்பு அவர்கள் சொல்லும் நடைமுறைப்படுத்தல்தான் உண்மையான சிக்கல். பிரிட்டனிலும் தடைசெய்யப்பட்ட வகை நாயை நீதிமன்றம் விலக்களித்துத் திருப்பித்தரும்போது கருத்தடை, மைக்ரோசிப், காப்பீடு, பொது இடத்தில் வாய்மூடி, கயிறு ஆகியவற்றை நிபந்தனையாக்குகிறது. இவை பின்பற்றப்படுகின்றனவா என்று வீடுவீடாகப் பார்ப்பதற்குத்தான் ஆளில்லை.

மரபணுச் சோதனை பற்றி: பட்டியல் உள்ள இடங்களில் அது நீங்கள் நினைக்கும் அளவுக்குப் பயன் தராது. பிரிட்டனின் சட்டம் ‘வகை’ என்றே கூறுவதால், அளவுகளும் உடலமைப்பும் அந்த வகையோடு பெருமளவு ஒத்துப்போகின்றனவா என்பதே பார்க்கப்படுகிறது. பெற்றோர் எந்த இனம் என்பது தீர்மானிப்பதில்லை. அந்த வகையைச் சேர்ந்தது என்று வழக்குத் தொடுப்பவர் கூறினால், அல்ல என்று காட்டும் சுமையும் உரிமையாளருடையது. பட்டியல் இல்லாத இடங்களில் உங்கள்மீதான புகார் இனத்தைப் பற்றியதே அல்ல, தெருவில் நடந்ததைப் பற்றியது. சோதனைக்குச் செலவிடும் பணத்தை இரண்டாவது தடுப்புக்குச் செலவிட்டு, வேலை முடிந்த தேதியுடன் படம் எடுத்து, தடுப்பூசிச் சான்று, மருத்துவரின் பரிசோதனைக் குறிப்பு, பயிற்சியில் சேர்ந்த ரசீது ஆகியவற்றோடு சேர்த்து வையுங்கள். விசாரணைக்கு வருபவர் முதலில் கேட்பது, அதன் பிறகு என்ன செய்தீர்கள் என்பதைத்தான்.

மன்னிப்புக் கேட்பதில் உங்கள் உறவினரின் அச்சம் மிகை. இங்கிலாந்தில் 2006-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம், மன்னிப்புக் கேட்பது மட்டுமே கவனக்குறைவை ஒப்புக்கொண்டதாகாது என்று வெளிப்படையாகக் கூறுகிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா அதே ஆண்டில் மன்னிப்புக்கெனத் தனிச்சட்டமே இயற்றியது. உங்கள் இடத்தின் விதியை ஒரு வழக்கறிஞரிடம் உறுதிசெய்துகொண்டு, நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போய்ப் பாருங்கள். அவர் அஞ்சியதற்கு வருந்துவதாகவும், கதவில் என்ன மாற்றம் செய்திருக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். ‘அது ஒன்றும் செய்யாது’ என்பதை மட்டும் சொல்லாதீர்கள்.